சுடுநீர்க் குழாய் வரைபடத்தை ஆட்டோகேட் கோப்பாக்குவது எப்படி: பாலக்காட்டு எல்லையோரத்துப் புதியவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பலர் கோயம்புத்தூரிலோ கஞ்சிக்கோட்டிலோ வரைபட அலுவலகங்களில் வேலைக்குச் சேர்கிறார்கள். ஆட்டோகேட் கைவந்திருக்கும், வீட்டு பிளான் போடத் தெரியும். சேர்ந்த கொஞ்ச நாளில் டென்மார்க்கிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஒரு வேலை வந்து நிற்கும். ஒரு ஊர் முழுக்க மண்ணுக்கடியில் ஓடுகிற சுடுநீர்க் குழாய்களின் ஜிஐஎஸ் தரவு (இடத்தோடு விவர அட்டவணையும் சேர்ந்த கணினி வரைபடத் தரவு) கையில் இருக்கும். அதை டிடபிள்யூஜி கோப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டும். பொருளும் புதிது, மென்பொருளும் புதிது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்றுமதிப் பொத்தானை அழுத்துவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும் செய்வதில்தான் வரைபடத்தின் தரம் இருக்கிறது. நம் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் அங்கே ஒருவர் எக்ஸ்கவேட்டரை எங்கே இறக்குவது என்று முடிவு செய்வார். அந்த நினைப்போடு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில், என்ன வரைகிறோம் என்று தெரிந்துகொள்வோம்

குளிர்நாடுகளில் வீட்டுக்கு வீடு கொதிகலன் வைக்காமல், ஊருக்குப் பொதுவாக ஒரு நிலையத்தில் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே அனுப்புவார்கள். வீடுகளில் வெப்பத்தை இறக்கிவிட்டு, ஆறிய தண்ணீர் இன்னொரு குழாயில் நிலையத்துக்கே திரும்பும். டென்மார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இப்படித்தான் சூடாகின்றன. நம் நாட்டில் இதே ஏற்பாட்டைக் குளிர்நீருக்குச் செய்திருக்கிறார்கள். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் அப்படி ஒரு வலையமைப்பு இயங்குகிறது. கீழே சொல்லும் முறைகள் அதற்கும் பொருந்தும்.

ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப் பக்கம் கால்வாய், கிளைக் கால்வாய், மடை என்று பிரிந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று புரியும். பெரிய வேறுபாடு ஒன்றுதான்: இங்கே போன தண்ணீர் அத்தனையும் திரும்பி வர வேண்டும். அதனால் எந்தக் குழாயும் தனியாகப் போகாது. சூடாகப் போகும் சப்ளை ஒன்று, ஆறித் திரும்பும் ரிட்டர்ன் ஒன்று, எப்போதும் ஜோடிதான். ஜெர்மன் தரவில் சப்ளையை விஎல் என்றும் ரிட்டர்னை ஆர்எல் என்றும் சுருக்கி எழுதியிருப்பார்கள்.

குழாயின் உள்ளே எஃகு, அதைச் சுற்றிப் பாலியூரித்தேன் நுரை, வெளியே கறுப்பு பாலிஎத்திலீன் உறை. இதற்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 253. டிஎன் என்பது எஃகுக் குழாயின் பெயரளவு விட்டம். டிஎன் 100 குழாயில் எஃகின் வெளிவிட்டம் 114.3 மில்லிமீட்டர், சாதாரண காப்புள்ள முதல் வரிசையில் உறையின் விட்டம் 200. டிஎன் 50-க்கு 60.3, 125. டிஎன் 200-க்கு 219.1, 315. ஜெர்மன் வரைபடத்தில் “டிஎன் 100/200” என்று பார்த்தால் எஃகின் பெயரளவும் உறையின் விட்டமும் சேர்ந்து வருகின்றன என்று புரிந்துகொள்ளுங்கள். டேனிஷ் வரைபடத்தில் அதே குழாய் 114/200 என்று இருக்கும். நுரைக்குள் கசிவைக் காட்டிக்கொடுக்க இரண்டு செம்புக் கம்பிகள் ஓடும். அவற்றின் இணைப்புப் புள்ளிகளும் தரவில் புள்ளிகளாக வரும்.

இன்னொன்றும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எஃகு சூட்டில் நீளும். 100 மீட்டர் குழாய் 80 டிகிரி சூடேறினால், தடையில்லாமல் விட்டால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் வழியில் வளைவுகளும், யூ வடிவச் சுற்றுகளும், இசட் போன்ற திருப்பங்களும் வைத்திருக்கிறார்கள். புதியவர் கண்ணுக்கு அது யாரோ கோணலாக வரைந்தது போலத் தெரியும். நேராக்கிவிடாதீர்கள். கோடுகளை எளிமையாக்கும் ‘சிம்ப்ளிஃபை’ கருவியை இந்தத் தரவின் மேல் ஓட்டவே கூடாது.

கோப்பைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

வாடிக்கையாளருக்கு ஒரே மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டுவிடுங்கள். எந்த அளவீட்டில் அச்சிடப் போகிறார்கள்: 1:200-ஆ, 1:500-ஆ, 1:2000-ஆ? எந்தப் பதிப்பு ஆட்டோகேட்? அலகு மீட்டரா, மில்லிமீட்டரா? உயரத்தோடு முப்பரிமாணம் வேண்டுமா, தட்டையாக இருந்தால் போதுமா? அவர்களிடம் லேயர் பட்டியலோ டெம்ப்ளேட் கோப்போ இருக்கிறதா? டெம்ப்ளேட் இருந்தால் நம் வேலையில் பாதி குறையும். கேட்காதவர்கள்தான் சொந்தமாக லேயர் பெயர் கண்டுபிடித்து, பிறகு எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள்.

அளவீட்டைக் கேட்பதற்கு அழுத்தமான காரணம் உண்டு. டிஎன் 100 குழாய்கள் இரண்டு, உறைகளுக்கு நடுவே 150 மில்லிமீட்டர் இடைவெளியோடு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், மையத்திலிருந்து மையத்துக்கு 350 மில்லிமீட்டர். 1:500 தாளில் அது வெறும் 0.7 மில்லிமீட்டர். அச்சில் இரண்டு கோடும் ஒட்டிக்கொள்ளும். 1:2000 மேலோட்டப் படத்துக்கு ஜோடிக்கு ஒரே கோடு போதும். பள்ளம் தோண்டுவதற்கான 1:200 படத்துக்கு இரண்டும் உண்மையான இடத்தில் இருக்க வேண்டும். எதற்கான படம் என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

இடம் சரியாக இருக்க வேண்டும்

நான் கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். இலவசம், வீட்டிலும் பழகலாம். தரவைத் திறந்ததும் ஒவ்வொரு லேயரின் ஆயத்தொலை அமைப்பையும் பாருங்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் ஈபிஎஸ்ஜி என்று ஓர் அடையாள எண் உண்டு. டென்மார்க்கின் பெரும்பகுதிக்கும் ஜெர்மனியின் மேற்கு, நடுப் பகுதிகளுக்கும் ஈபிஎஸ்ஜி 25832, கிழக்கு ஜெர்மனிக்கு 25833. இரண்டுமே மீட்டரில் அளப்பவை, உலகை நெடுக்குப் பட்டைகளாக, அதாவது மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் அமைப்பின் 32, 33-ஆம் மண்டலங்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத் தரவு என்றால் கிழக்கு மதிப்பு 5.7 லட்சம் மீட்டர், வடக்கு மதிப்பு 62 லட்சம் மீட்டர் அளவில் வர வேண்டும். அந்த இடத்தில் 10.2, 56.1 என்று சின்ன எண்கள் தெரிந்தால் அது டிகிரியில் இருக்கிறது. அப்படியே ஏற்றுமதி செய்தால் ஒரு முழு ஊரும் ஆட்டோகேட்டில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி நிற்கும். ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். அமைப்பின் பெயரை மட்டும் மாற்றிவிடுகிற ‘செட் சிஆர்எஸ்’ வேறு, எண்களையே மாற்றிக் கணக்கிடுகிற ரீப்ரொஜெக்ட் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் குழாய் கடலில் போய் விழும்.

சில ஜெர்மன் அலுவலகங்கள் கிழக்கு மதிப்புக்கு முன்னால் மண்டல எண் 32-ஐச் சேர்த்து எட்டு இலக்கமாக எழுதும். அதற்குத் தனி எண் உண்டு, ஈபிஎஸ்ஜி 4647. எட்டு இலக்கம் கண்ணில் பட்டால் அதைச் சரிபாருங்கள்.

நம் பக்கத்தில் பழகும்போது: பாலக்காடும் சித்தூரும் வாளையாறும் யூடிஎம் 43-ஆம் மண்டலம், ஈபிஎஸ்ஜி 32643. ஆந்திர எல்லையில் குப்பம், நகரி, திருத்தணிப் பக்கத்தவர்களுக்கு 44-ஆம் மண்டலம், 32644. 78 டிகிரி தீர்க்கரேகை இரண்டையும் பிரிக்கிறது.

பெரிய எண்களைக் கண்டு பயந்து சிலர் படத்தைத் தூக்கிச் சுழியத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் கேட்டாலொழிய அதைச் செய்யாதீர்கள். மீட்டரில் வைத்திருக்கும்வரை ஆட்டோகேட் இந்த எண்களைத் தாங்கும். மில்லிமீட்டருக்கு மாற்றினால் வடக்கு மதிப்பு 620 கோடியாகிவிடும். அந்த அளவில் கோடுகள் நடுங்கும், ஹேட்ச் உடையும். மில்லிமீட்டர்தான் வேண்டும் என்றால், எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதைப் படத்தின் மேலேயே எழுதி வையுங்கள்.

நீளம் பற்றி ஒரு கூடுதல் செய்தி. யூடிஎம் தளத்தில் அளந்த நீளமும் தரையில் அளந்த நீளமும் சற்று மாறும். ஆர்ஹுஸ் அருகே கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். (பாலக்காடு நகரம் மண்டலத்தின் நடுக்கோட்டிலிருந்து 180 கிலோமீட்டர் அளவில் தள்ளி இருப்பதால் இங்கே அந்த வேறுபாடு மறைந்தே போகிறது.) குழாய் வாங்கும் பட்டியல் கேட்டால், தரை நீளத்தைக் கியூஜிஐஎஸ்ஸிலேயே கணக்கிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோகேட்டில் அளந்து கொடுக்க வேண்டாம்.

ஜோடியைப் பிரிப்பது

நிறைய நேரம் எடுக்கிற படி இதுதான். ஜிஐஎஸ் தரவில் பெரும்பாலும் பள்ளத்துக்கு ஒரு கோடுதான் இருக்கும். அதிலிருந்து சப்ளையும் ரிட்டர்னும் பிறக்க வேண்டும்.

‘ஆஃப்செட் லைன்ஸ்’ கருவியை இரண்டு முறை ஓட்டுங்கள். டிஎன் 100-க்கு ஒருமுறை +0.175, இன்னொருமுறை -0.175 மீட்டர். விட்டத்துக்கு விட்டம் இந்த எண் மாறும் என்பதால், உறை விட்டத்தோடு 150-ஐக் கூட்டி, இரண்டால் வகுத்து, ஆயிரத்தால் வகுக்கும் ஒரு சூத்திரத்தை அந்தப் பெட்டியில் கொடுத்துவிட்டால் எல்லாக் குழாய்க்கும் ஒரே ஓட்டத்தில் முடியும். மூலை இணைப்புக்கு ‘மைட்டர்’ எடுங்கள். ‘ரவுண்ட்’ எடுத்தால் மூலை ஒவ்வொன்றும் பல புள்ளிகளாக நொறுங்கும்.

இப்போது கவனம். கூட்டல் எண் கோட்டின் இடப்பக்கம், கழித்தல் எண் வலப்பக்கம். எது இடம், எது வலம் என்பதைத் தீர்மானிப்பது கோடு வரையப்பட்ட திசை. ஒருவர் நிலையத்திலிருந்து வீட்டை நோக்கி வரைந்திருப்பார், இன்னொருவர் வீட்டிலிருந்து நிலையத்தை நோக்கி. அப்படியே ஆஃப்செட் போட்டால் ஒரு தெருவில் சப்ளை வலப்பக்கம், அடுத்த தெருவில் இடப்பக்கம் என்று மாறிவிடும். படம் பார்க்க அழகாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் இதை ஆபத்தானது என்கிறேன். கோடுகளுக்கு முதலில் அம்புக்குறி ஸ்டைல் கொடுத்து, எல்லாம் நிலையத்திலிருந்து வெளியே போகின்றனவா என்று தெருத்தெருவாகப் பாருங்கள். எதிராகப் போவதைத் தேர்ந்தெடுத்து ‘ரிவர்ஸ் லைன் டைரக்ஷன்’ போடுங்கள். நிலையத்திலிருந்து பார்க்கும்போது சப்ளை வலப்பக்கம் என்று வைப்பவர்கள் பலர். உங்கள் வாடிக்கையாளரின் வழக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கிளை பிரியும் இடம். மையக்கோடு மையக்கோட்டில் முட்டியிருக்கும். ஆஃப்செட் செய்த பிறகு கிளையின் இரண்டு கோடும் பழைய மையத்திலேயே நிற்கும், அங்கே எந்தக் குழாயும் இல்லாமல். பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் திரையைக் காட்டிக் கேட்டது இது:

“அக்கா, கிளையோட ரிட்டர்ன் நடுவுல அந்தரத்துல நிக்குதுங்க.”

“எக்ஸ்டெண்ட் போட்டு எதிர்ப்பக்கத்து ரிட்டர்ன் வரைக்கும் இழுத்து விடு கண்ணு. சப்ளையத் தாண்டித்தான் போகும், போகட்டும். சப்ளையத் தொட்டு மட்டும் நிறுத்திராதே.”

“அப்போ சப்ளை?”

“அது நீண்டிருக்கும். டிரிம் பண்ணு.”

மெயினின் வலப்பக்கம் சப்ளை, கிளையும் வலப்பக்கமே பிரிகிறது என்றால் கிளையின் சப்ளையை 0.175 மீட்டர் வெட்ட வேண்டும். கிளையின் ரிட்டர்னை அதே அளவு நீட்டி, மெயின் சப்ளையைக் குறுக்கே கடந்து மெயின் ரிட்டர்னில் சேர்க்க வேண்டும். மண்ணுக்கடியிலும் அப்படித்தான், கிளைக்குழாய் ஒன்று மெயினுக்கு மேலே ஏறிக் கடந்து போகும். கடக்கிற இடத்தில் புள்ளியோ இணைப்புக் குறியோ வந்துவிடாமல் பாருங்கள். சப்ளையும் ரிட்டர்னும் இணைந்ததாகக் காட்டும் வரைபடம் தவறான வரைபடம். இதை முழுக்கத் தானியங்கியாகச் செய்கிற ஸ்கிரிப்டுகள் எழுதலாம். ஆனாலும் முதல் சில வேலைகளைக் கையால் செய்யுங்கள். கை பழகினால்தான் ஸ்கிரிப்ட் செய்கிற தவறு கண்ணில் படும்.

விட்டம் மாறும் ரெட்யூசர் இடத்தில் ஆஃப்செட் அளவும் மாறுவதால் கோட்டில் சிறு படி விழும். டிஎன் 200-லிருந்து 100-க்கு இறங்கும்போது 5.75 சென்டிமீட்டர். அங்கே ரெட்யூசர் பிளாக் உட்காரும் என்பதால் அதை அப்படியே விடலாம்.

தரவில் ‘ட்வின்’ என்று குறித்திருந்தால் இவை எதுவும் வேண்டாம். ஒரே உறைக்குள் இரண்டு குழாயும் இருக்கும் வகை அது. ஒரு கோடு போதும்.

லேயர் பெயர்கள்

கியூஜிஐஎஸ்ஸிலிருந்து நாம் ஏற்றுமதி செய்வது டிஎக்ஸ்எஃப் கோப்பு, ஆட்டோகேட் திறக்கும் பரிமாற்ற வடிவம்; அதைப் பிறகு டிடபிள்யூஜி ஆக்குவோம். டிஎக்ஸ்எஃப் கோப்புக்குள் ஜிஐஎஸ் அட்டவணை போகாது. குழாயின் வயது, பொருள், விட்டம், பதித்த ஆண்டு எல்லாம் விடுபட்டுவிடும். கோடும் எழுத்தும் லேயர் பெயரும்தான் மிஞ்சும். எனவே பெறுபவருக்குத் தேவையான செய்தியை லேயர் பெயரிலோ படத்தில் எழுத்தாகவோ ஏற்றிவிட வேண்டும்.

ஃபீல்டு கால்குலேட்டரில் கேட்_லேயர் என்று ஒரு புலம் உருவாக்கி, அதில் எஃப்டபிள்யூ_விஎல்_டிஎன்100, எஃப்டபிள்யூ_ஆர்எல்_டிஎன்100 போன்ற பெயர்களை நிரப்புங்கள் (கோப்பில் ஆங்கில எழுத்துகளில் இடுங்கள்; எஃப்டபிள்யூ என்பது ஊருக்குப் பொதுவான இந்த வெப்ப வழங்கலுக்கு ஜெர்மன் சுருக்கம்). ஏற்றுமதிப் பெட்டியில் ஒவ்வொரு லேயருக்கும் எதிரே ‘அவுட்புட் லேயர் ஆட்ரிபியூட்’ என்ற இடம் இருக்கும். அங்கே இந்தப் புலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பெயரும் ஆட்டோகேட்டில் தனி லேயராகப் பிரிந்து நிற்கும். பெயரில் சாய்கோடு, காற்புள்ளி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, கேள்விக்குறி கூடாது. “டிஎன்100/200” என்று அப்படியே லேயர் பெயராக வைத்தால் ஆட்டோகேட் ஏற்காது.

விட்டத்தைவிட முக்கியமாக நான் கருதும் ஒரு பிரிவினை உண்டு. பல வாடிக்கையாளர்கள் கேட்பதில்லை, நாமே முன்வந்து கொடுக்க வேண்டும். பள்ளம் திறந்திருந்தபோது சர்வேயர் நேரடியாக அளந்த குழாய் ஒரு வகை. பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து அதன் மேல் வரைந்த குழாய் இன்னொரு வகை. ஜிஐஎஸ்ஸில் இதற்குப் பெரும்பாலும் ஒரு புலம் இருக்கும். ஏற்றுமதியில் இரண்டும் ஒரே சிவப்புக் கோடாகிவிட்டால், ஊகத்தில் வரைந்த கோட்டையும் அளந்த கோட்டைப் போலவே நம்பித் தோண்டுவார்கள். கொதிக்கும் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும் குழாய் அது. லேயர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து இரண்டையும் பிரியுங்கள், அளக்காததற்கு விட்டுவிட்டு ஓடும் கோட்டு வகை கொடுங்கள். டென்மார்க்கில் தொழில்முறையாகத் தோண்டுகிறவர்கள் லேர் என்ற நிலத்தடிக் குழாய், கம்பிகளின் பதிவேட்டில் முதலில் கேட்டே ஆக வேண்டும். நம் நாட்டிலும் 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி வந்திருக்கிறது. அப்படிக் கேட்பவர் கைக்குப் போகிற படம் இது என்று நினைத்து வரையுங்கள்.

எழுத்து

அச்சில் 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்து வேண்டும், அளவீடு 1:500 என்றால் மாடல் வெளியில் எழுத்தின் உயரம் 1.25 மீட்டர். கியூஜிஐஎஸ் ஏற்றுமதிப் பெட்டியில் ‘சிம்பாலஜி ஸ்கேல்’ என்ற இடத்தில் 1:500 கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். மறந்தால் எழுத்து ஊரையே மூடும், அல்லது எறும்பு அளவில் இருக்கும்.

லேபிள்கள் ஒன்றோடு ஒன்று மோதினால் கியூஜிஐஎஸ் சிலவற்றை மறைத்துவிடும். மறைந்தது ஏற்றுமதியிலும் வராது. லேபிள் அமைப்பில் மேலே மேலே விழ அனுமதி கொடுத்து எல்லாவற்றையும் வரவழையுங்கள், பிறகு ஆட்டோகேட்டில் கையால் நகர்த்தி ஒழுங்கு செய்யுங்கள். விட்டம் எழுதாத ஒரு குழாய் இருப்பதைவிட, எழுத்து ஒன்றன் மேல் ஒன்று கிடப்பது மேல். அது கண்ணில் பட்டுவிடும், சரிசெய்துவிடலாம்.

கியூஜிஐஎஸ் எழுதும் டிஎக்ஸ்எஃப் ஆட்டோகேட் 2000 வடிவம். யூனிகோடு எழுத்துமுறை 2007 வடிவத்தில்தான் டிஎக்ஸ்எஃப்பில் வந்தது. ஆகவே ‘என்கோடிங்’ என்ற இடத்தில் ஜெர்மன், டேனிஷ் தெருப்பெயர்களுக்கு சிபி1252 எடுங்கள். இல்லையென்றால் மேலே இரு புள்ளி வைத்த எழுத்துகளும் வட்டம் வைத்த எழுத்துகளும் குப்பையாக மாறித் தெரியும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை, பெரும்பாலும் கேள்விக்குறிகளாகிவிடும். பழகும்போது தெருப்பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தசமக் குறியையும் பாருங்கள். ஜெர்மன் பட்டியல்களில் 0.5 என்பதை 0,5 என்று காற்புள்ளியால் எழுதுவார்கள். எக்செல்லில் திறந்து இணைக்கும்போது அது எழுத்தாகிப் போனால் ஆஃப்செட் சூத்திரம் வேலை செய்யாது.

ஏற்றுமதி

‘ப்ராஜெக்ட்’ மெனுவில் ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’, அதற்குள் ‘எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் டு டிஎக்ஸ்எஃப்’. லேயர் மேல் வலது சொடுக்கு செய்து ‘சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ்’ வழியாகவும் டிஎக்ஸ்எஃப் எடுக்கலாம். ஆனால் அதில் லேயர் பிரிப்பும் லேபிளும் வசதியாக வராது, முதல் வழியே நல்லது.

சிம்பாலஜி முறைக்கு மூன்று தேர்வு இருக்கும். வாடிக்கையாளரிடம் டெம்ப்ளேட் இருந்தால் ‘நோ சிம்பாலஜி’ எடுங்கள் என்பேன். நிறமும் கோட்டு வகையும் டெம்ப்ளேட்டிலிருந்து வரட்டும். அந்த டெம்ப்ளேட்டைத் திறந்து அதற்குள் நம் கோப்பை ‘இன்செர்ட்’ செய்தால், ஒரே பெயருள்ள லேயருக்கு டெம்ப்ளேட்டில் உள்ள நிறமே நிலைக்கும். பிளாக்காக உள்ளே வந்ததை எக்ஸ்ப்ளோட் செய்து, பிறகு ‘செட்பைலேயர்’ கட்டளை கொடுத்தால் எல்லாம் லேயரின் நிறத்துக்கு வந்துவிடும். டெம்ப்ளேட் இல்லாவிட்டால் ‘ஃபீச்சர் சிம்பாலஜி’ எடுத்து, சப்ளைக்குச் சிவப்பு, ரிட்டர்னுக்கு நீலம் கொடுங்கள்.

தட்டையான படம் கேட்டிருந்தால் ‘ஃபோர்ஸ் 2டி’ டிக் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு உயரத்தில் மிதக்கும். மேலிருந்து பார்த்தால் தொட்டுக்கொண்டிருப்பவை ‘ஜாயின்’ கட்டளைக்கு இணங்காது. ‘கரன்ட் மேப் எக்ஸ்டென்ட்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், அது இருந்தால் திரையில் தெரிகிற பகுதி மட்டும்தான் போகும். வான்வழிப் படம் டிஎக்ஸ்எஃப்பில் போகாது. கட்டடங்களையும் மனை எல்லைகளையும் தனி டிஎக்ஸ்எஃப்பாக எடுத்து ஆட்டோகேட்டில் எக்ஸ்ரெஃப் ஆக இணையுங்கள். பின்னணி மாறினாலும் குழாய்க் கோப்பைத் தொட வேண்டியிராது.

ஏற்றுமதி ஆனதும் கோப்பை ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள். டிஎக்ஸ்எஃப் வெறும் எழுத்துக் கோப்புதான், இரண்டு இரண்டு வரியாக ஓடும். மேல்வரி ஓர் எண், கீழ்வரி அதன் மதிப்பு. 0 என்றால் அடுத்த வரியில் பொருளின் வகை, 8 என்றால் லேயர் பெயர், 10-க்குக் கீழே எக்ஸ், 20-க்குக் கீழே ஒய், 62 என்றால் நிற எண். எல்டபிள்யூபாலிலைன் என்ற சொல்லைத் தேடி, கீழே 8-க்கு அடுத்த வரியில் நீங்கள் வைத்த லேயர் பெயர் இருக்கிறதா, 20-க்குக் கீழே 62 லட்சம் அளவில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோகேட் திறப்பதற்குள் பாதிச் சோதனை முடிந்துவிடும். கோப்பின் உள்ளே பார்த்துப் பழகியவருக்குப் பிறகு எந்த மென்பொருளின் டிஎக்ஸ்எஃப்பும் அச்சம் தராது.

ஆட்டோகேட்டில் சரிபார்ப்பு

திறந்ததும் ‘ஜூம் எக்ஸ்டென்ட்ஸ்’. ஊரின் வடிவம் திரையை நிரப்ப வேண்டும். தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் ஏதோ ஒன்று சுழியத்தில் போய் விழுந்திருக்கிறது, அதைத் தேடி எடுங்கள்.

‘யூனிட்ஸ்’ கட்டளையில் மீட்டர் என்று வையுங்கள். கோப்பில் அலகு குறிக்காமல் விட்டால், பெறுபவர் தன் படத்தில் நுழைக்கும்போது ஆயிரம் மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ போகும்.

பிறகு ‘ஐடி’ கட்டளை. நிலையத்துக்கு அருகே ஒரு வால்வு, ஊரின் கடைக்கோடியில் ஒரு வீட்டு இணைப்பு, நடுவே ஒரு கிளை. மூன்றின் ஆயத்தொலைகளையும் கியூஜிஐஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள், மில்லிமீட்டர் வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் படம் திரும்பியிருப்பதோ விரிந்திருப்பதோ தெரியாது. பொருள்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்: ஜிஐஎஸ்ஸில் 412 வால்வு என்றால் இங்கேயும் 412 பிளாக் இருக்க வேண்டும்.

அப்புறம் ‘ஓவர்கில்’ ஓட்டி இரட்டைக் கோடுகளை நீக்குங்கள். ஆனால் நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், சப்ளையும் ரிட்டர்னும் ஒரே கோட்டில் கிடக்கும் மேலோட்டப் படத்தில் அது ஒன்றை அழித்துவிடக்கூடும். கடைசியாக ‘ஆடிட்’, ‘பர்ஜ்’.

டிடபிள்யூஜி ஆக்கி அனுப்புவது

கியூஜிஐஎஸ் டிடபிள்யூஜி எழுதாது. ஆட்டோகேட் இருந்தால் அதிலேயே ‘சேவ் ஆஸ்’. இல்லாவிட்டால் ஓப்பன் டிசைன் அலையன்ஸ் தரும் ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது, பதிப்பைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் பதிவேற்றி மாற்றித் தரும் தளங்களுக்கு இந்தக் கோப்புகளைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நகரத்தின் குழாய்க் கட்டமைப்பு அது, நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

படத்தின் தலைப்புக் கட்டத்தில் ஆயத்தொலை அமைப்பு, உயர அடிப்படை, அளவீடு, தரவு எடுத்த தேதி, அளக்காத குழாய்க்கான கோட்டு வகை ஆகியவை இருக்க வேண்டும். கூடவே குழாய் எண், விட்டம், ஆண்டு அடங்கிய அட்டவணையை சிஎஸ்வி கோப்பாகச் சேருங்கள். அந்த எண்களைப் படத்திலும் அணைத்து வைத்த ஒரு லேயரில் எழுத்தாக விட்டுவைத்தால், தேவைப்படுபவர் லேயரைத் திறந்து பொருத்திப் பார்த்துக்கொள்வார். பெறுபவரிடம் ஆட்டோகேட் மேப் 3டி அல்லது சிவில் 3டி இருந்தால் ஷேப் கோப்பையும் (அட்டவணையும் அடங்கிய ஜிஐஎஸ் கோப்பு வடிவம்) அனுப்புங்கள். ‘மேப்இம்போர்ட்’ கட்டளை அட்டவணையோடு சேர்த்தே உள்ளே எடுக்கும்.

பழகுவதற்கு

உங்கள் தெருவையே எடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கொழிஞ்சாம்பாறைச் சந்தை வீதியைக் கியூஜிஐஎஸ்ஸில் இறக்கி, 32643-க்கு மாற்றுங்கள். கிழக்கு மதிப்பு 7 லட்சம் மீட்டருக்கு அருகில், வடக்கு மதிப்பு 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு மூலையில் கற்பனையாக ஒரு நிலையம் வைத்து, வீதியில் டிஎன் 100 மெயின், குறுக்குச் சந்துகளுக்கு டிஎன் 50 கிளை, பத்து வீட்டுக்கு இணைப்பு என்று வரையுங்கள். வேண்டுமென்றே இரண்டு கிளைகளைத் திசை மாற்றி வரையுங்கள், பாதி மெயினை அளக்காதது என்று குறியுங்கள். பிறகு மேலே சொன்ன அத்தனையையும் செய்து டிடபிள்யூஜி ஆக்கி, இந்த வேலை தெரியாத ஒரு ஆட்டோகேட் நண்பரிடம் எந்த விளக்கமும் சொல்லாமல் கொடுங்கள். எது சப்ளை, மெயினின் விட்டம் என்ன, எந்தப் பகுதியை நம்பித் தோண்டக்கூடாது என்று கேளுங்கள். அவர் உங்களைத் திரும்பக் கேள்வி கேட்காமல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அலுவலக வேலையைத் தைரியமாகக் கேட்டு வாங்கலாம்.